பெட்டிக்குள் பெய்யும் மழை

ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள முருகேசு,

உன் கடிதம் வந்து ஏழு வாரம் ஆகிறது. வேலை என்று சொன்னால் நம்பமாட்டாய், சோம்பல் என்று சொன்னால் உடனே நம்புவாய். பிடித்ததை எடுத்துக்கொள். இங்கே எல்லாரும் நலம். அக்காவுக்கு மூட்டுவலி, ஆனாலும் சந்தைக்கு நடந்துதான் போவாளாம். பெரியவருக்கு என் வணக்கம். சின்னவனிடம் மட்டும் அந்தப் பம்புசெட் விவகாரத்தை நான் இன்னும் மறக்கவில்லை என்று சொல்.

விஷயத்துக்கு வருகிறேன். தாண்டிக்குடி மலைப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் ஆறு பேர் சேர்ந்து, வியாபாரியே வேண்டாம் என்று ஒரு கண்டெய்னர் காப்பியைச் சிங்கப்பூருக்கு அனுப்பப்போகிறீர்கள். நான் இறக்கி விற்றுத் தரவேண்டும். "கப்பல் ஏத்திட்டா கவலை தீந்துச்சு" என்று வேறு எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரிக்காகத்தான் இத்தனை பக்கம் எழுதுகிறேன். கவலை ஆரம்பிப்பதே அங்கேதானடா.

முதலில் அளவு. இருபதடிப் பெட்டியில் 60 கிலோ சாக்கு 320 அடுக்கலாம், 19.2 டன். அது உரித்துத் தரம் பிரித்த பச்சைக் கொட்டையின் கணக்கு. தொலியோடு யாரும் வாங்கமாட்டார்கள். பார்ச்மெண்டை, அதாவது தொலியோடு காய்ந்த கொட்டையை, உரித்துத் தரம் பிரிக்கும் கியூரிங் ஆலையில் கொடுத்தால் நூற்றுக்கு எண்பது தேறும். ஆகவே உங்கள் ஆறு பேரின் களத்திலிருந்தும் 24 டன் பார்ச்மெண்ட் வரவேண்டும். வாங்குகிறவன் பிளான்டேஷன் ஏ என்ற பெரிய கொட்டைத் தரம் மட்டும் போதும் என்றால் அதுவும் பற்றாது. ஓர் அங்குலத்தை 64 பங்காக்கி அதில் 17 பங்கு அகலமுள்ள சல்லடைத் துளையில் விழாமல் நிற்பதுதான் ஏ. மிச்சமிருக்கும் பி, சி, பீபெரி என்ற ஒற்றை உருண்டைக் கொட்டை, உடைசல் எல்லாம் உங்கள் தலையில். 

அடுத்தது, சிங்கப்பூர் ஏன்? இந்த ஊரில் காப்பி வியாபாரம் பெரிதுதான், ஆனால் காகிதத்தில். ஒப்பந்தம் இங்கே கையெழுத்தாகும், சரக்கு வியட்நாமிலிருந்தோ சுமத்ராவிலிருந்தோ நேரே ஐரோப்பாவுக்கு, ஹாம்பர்க், ஆண்ட்வெர்ப் என்று போய்விடும். துறைமுகத்தில் பெட்டி கப்பல் மாறும், அவ்வளவுதான். இங்கே குடிப்பதற்கு இறங்குவது வேறு சரக்கு. காப்பிக்கடைக் கோப்பிக்கு ரொபஸ்டா ரகம், பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்து. வறுத்து முடிக்கிற நேரத்தில் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்ப்பார்கள். சர்க்கரை உருகிக் கருகிக் கொட்டைமேல் கருப்பாகப் பூசிக்கொள்ளும். அதைப் பொடித்து, நீளத் துணிப்பையில் வடித்து, அடியில் கெட்டிப்பால் ஊற்றித் தருவார்கள். சர்க்கரை வேண்டாதவர் 'கொசோங்' என்று கேட்பார். எனக்கு அது பிடிக்கும், குறை சொல்லவில்லை. ஆனால் ஆரஞ்சு மரத்துக்கும் சில்வர் ஓக்குக்கும் நடுவில் நீ வளர்த்த அராபிகா ரகத்தின் மணம் அதற்குள் போனால் திரும்பி வராது. சிக்கரியைக் கண்டால் முகம் சுளிப்பாயே, அது இதற்குத் தங்கை. உன் சரக்கை மதித்து வாங்கக்கூடிய சின்ன வறுப்பாளர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் கேட்பது ஐந்து மூட்டை, பத்து மூட்டை. 320 அல்ல.

அப்படியானால் பெட்டி ஐரோப்பாவுக்குத்தான் போகவேண்டும். விலை என்ன கிடைக்கும் என்பாய். அராபிகாவுக்கு நியூயார்க் சந்தை, ஒரு பவுண்டுக்கு இத்தனை சென்ட். ரொபஸ்டாவுக்கு லண்டன், டன்னுக்கு இத்தனை டாலர். அந்த விலையோடு உன் ஊர், தரம், பருவம் பார்த்துக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ பேசுவார்கள். பேரம் முழுக்க அந்தக் கூட்டல் கழித்தலில்தான். அடிவிலை உன் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை. பிரேசிலின் வானத்தில் இருக்கிறது. 1975 ஜூலையில் அங்கே பரானா மாநிலத்தில் உறைபனி விழுந்ததால் 1977இல் ஏறிய உச்சத்தை 2024 டிசம்பர் வரைக்கும் எதுவும் தாண்டவில்லை. 2025 பிப்ரவரியில் பவுண்டு 4 டாலருக்கு மேல் போனது. அதைச் செய்தியில் பார்த்துத்தான் நீங்கள் ஆறு பேரும் கூட்டம் போட்டீர்கள் என்பது எனக்குத் தெரியாதா?

அந்த ஏற்றத்தில் அடிவாங்கியவர்கள் காப்பியைக் கையில் வைத்திருந்த ஏற்றுமதியாளர்கள்தான், இது உனக்கு வேடிக்கையாகப் படும். இறங்கினால் நஷ்டம் வராமலிருக்க, கையிருப்புக்கு ஈடாக நியூயார்க்கில் முன்கூட்டியே விற்றுவைப்பார்கள். அங்கே ஒரு ஒப்பந்தத்தின் அளவு, ஒரு லாட், 37,500 பவுண்டு, ஏறக்குறைய 17 டன், உன் ஒரு பெட்டிக்குக் கொஞ்சம் கீழே. விலை ஒரு சென்ட் ஏறினால் லாட்டுக்கு 375 டாலர் உடனே கட்டவேண்டும். 250 சென்டிலிருந்து 400க்குப் போனால் 56,250 டாலர். சரக்கின் மதிப்பும் அதே அளவு ஏறியிருக்கும், உண்மைதான். ஆனால் அந்தப் பணம் சரக்கு விற்ற பிறகு வரும், கட்டவேண்டியது இன்று சாயங்காலம். வங்கி கைவிட்டால் லாபத்தில் நிற்கும்போதே மூழ்கலாம். நீங்கள் அந்தப் பக்கமே போகவேண்டாம். நிலையான விலைக்கு விற்றுவிடுங்கள்.

சரி, இதெல்லாம் சில்லறை. எனக்குத் தூக்கம் போனது தண்ணீரை நினைத்து.

19.2 டன் காப்பி 12 சதவீத ஈரத்தோடு ஏறினால் அந்தப் பெட்டிக்குள் 2,304 லிட்டர் தண்ணீர் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். சாக்கைத் தொட்டால் உலர்ந்துதான் இருக்கும். பகலில் கூரைத் தகடு காய்கிறது, கொட்டை ஆவியை விடுகிறது. இரவில் தகடு குளிர்கிறது, ஆவி கூரையில் முத்து முத்தாகக் கோர்த்து மேல்வரிசைச் சாக்கில் சொட்டுகிறது. கண்டெய்னர் மழை என்பார்கள். தூத்துக்குடி வெயிலில் பூட்டிய பெட்டி மாசியில் ஹாம்பர்க் குளிரில் இறங்கும்போது கடைசி அடைமழை. இதில் செங்கடல் தொல்லை வேறு. 2023 கடைசியிலிருந்து பல கப்பல்கள் சூயஸை விட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றுகின்றன. பத்து நாள், இரண்டு வாரம் கூடுதல் என்பது மட்டுமல்ல. பூமத்திய ரேகையைப் போகும்போது ஒருமுறை, ஏறும்போது ஒருமுறை தாண்டவேண்டும். சூடு, குளிர், மறுபடி சூடு, மறுபடி குளிர். பெட்டி மூச்சு விட்டுக்கொண்டே போகும்.

ஈரம் இருந்தால் பூஞ்சை. பூஞ்சை இருந்தால் ஓக்ராடாக்ஸின் என்ற நஞ்சு. வறுத்த காப்பியில் ஒரு கிலோவுக்கு 3 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று ஐரோப்பா 2023இல் இறுக்கிவிட்டது, முன்பு 5. வறுத்தால் போய்விடும் என்று பெரியவர் சொல்வார். கொஞ்சம் குறையும், முழுக்கப் போகாது.

எடைக்கணக்கையும் பார். ஐரோப்பிய ஒப்பந்தத்தில் வழியில் அரை சதவீதம் வரை குறைந்தால் மன்னிப்பு, உனக்கு 96 கிலோ. 12.5 சதவீத ஈரத்தில் ஏற்றியது 11.5க்கு உலர்ந்து இறங்கினால் 217 கிலோ குறைந்திருக்கும். மிச்சம் 121 கிலோவுக்கு நீ பணம் திருப்பித் தரவேண்டும். தண்ணீரை விற்க நினைத்தால் தண்ணீருக்கே தண்டம்.

ஆகவே வேலை களத்தில் ஆரம்பம். உங்கள் மலையில் பழம் சிவக்கிற நேரமும் வடகிழக்கு மழை கொட்டுகிற நேரமும் ஒன்று, அதுதான் தலைவலி. பறித்த அன்றே பழத்தோல் நீக்கும் பல்பரில் போடு, ராத்திரி குவித்து வைக்காதே. புளிக்க வைப்பதை மணி பார்த்து முடிக்காதே. குளிரில் 36 மணி கூட ஆகும், வழுவழுப்புப் போய், விரலால் தேய்த்தால் கூழாங்கல் போல நறநறக்க வேண்டும். கழுவி எடுத்த பார்ச்மெண்டில் பாதிக்கு மேல் தண்ணீர். முதல் நாள் அதை உச்சி வெயிலில் போட்டால் தொலி வெடிக்கும், வெடித்த தொலிக்குள் கொட்டை வெளுக்கும். மெல்லிதாகப் பரப்பி, உச்சிப்பொழுதில் நிழல் போட்டு, கிளறிக்கொண்டே இரு. சாயங்காலம் சூடு இறங்குவதற்குள் மூடு. சிமெண்டுக் களத்தைவிடக் கால் வைத்த வலைத்தட்டு மேல். கீழேயும் காற்று போகும். அதில் போட்டு மேலே பாலித்தீன் கூரை, பக்கவாட்டில் திறப்பு. எல்லாப் பக்கமும் மூடினால் அது வேக வைக்கிற பாத்திரம். ஒருமுறை உலர்ந்தது திரும்ப நனைந்தால் அந்தக் குவியலைத் தனியாக வை, நல்லதோடு கலக்காதே. உங்களில் யார் அதைக் கலப்பார் என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.

ஈரத்தை 10.5லிருந்து 11 சதவீதத்துக்குள் நிறுத்து. ஈரம் அளக்கும் மீட்டரைச் சூடான கொட்டையில் வைத்துப் பார்த்தால் பொய் சொல்லும், ஆறவிட்டுப் பார். வருஷத்துக்கு ஒருமுறை 105 டிகிரி அடுப்பில் 16 மணி வைக்கும் முறையோடு ஒப்பிட்டு மீட்டரைச் சரிபார்க்க வேண்டும். மங்களூர் பக்கம் மழைக்காற்றில் வேண்டுமென்றே ஊறவைத்து மான்சூன்ட் மலபார் விற்கவில்லையா என்று கேட்பாய். கேட்காதே. ஜூன் முதல் செப்டம்பர் வரை பரப்பி, கிளறி, மூட்டை மாற்றி மாற்றிச் செய்கிற கைவேலை அது. உலகக் காப்பி அமைப்பின் ஈர வரம்பில் அதற்கென்றே விலக்கு உண்டு. கார்த்திகை அடைமழையில் மறந்துபோன சாக்குக்கு இல்லை.

பெட்டி வந்ததும் ஆள் உள்ளே போய் கதவைச் சாத்தச் சொல். ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தாலும் திருப்பி அனுப்பு. மோந்து பார், முன்பு மசாலாவோ மருந்தோ ஏற்றியிருந்தால் அந்த வாடையைக் காப்பி குடித்துவிடும். பலகைத் தரை ஈரமில்லாமல் இருக்கவேண்டும். சுவர் முழுக்க கிராஃப்ட் என்ற தடித்த பழுப்புக் காகிதம், சாக்கு தகட்டைத் தொடக்கூடாது. கீழ்வரிசை இரண்டு சாக்கின் பள்ளத்தில் மேல்சாக்கு உட்காரவேண்டும். உச்சியில் அட்டை இரண்டு மடிப்பு, கூரையிலிருந்து ஈரம் உறிஞ்சும் கால்சியம் குளோரைடு பைகள். மழை தூறும் நாளில் ஏற்றாதே, லாரிக்காரன் கத்தினாலும். சணல் சாக்கு தாவர எண்ணெய் போட்டு நெய்த உணவுத்தர ரகம்தானா என்று கேட்டு வாங்கு. மலிவு சாக்கு மண்ணெண்ணெய் வாடையைக் கோப்பை வரைக்கும் கொண்டுபோகும்.

ஐரோப்பாவின் காடழிப்புச் சட்டம் பற்றிப் புலம்பியிருந்தாய். இருமுறை தள்ளிப்போட்டுவிட்டார்கள், ஆனால் போகப்போவதில்லை. 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடு வெட்டிய நிலத்துக் காப்பி கூடாது. தோட்டம் நாலு ஹெக்டேருக்கு உள்ளே என்றால் வரைபடத்தில் ஒரு புள்ளி போதும், மேலே என்றால் எல்லை முழுக்க. சும்மா கிடக்கிற ஆனி ஆவணியில் ஆறு தோட்டத்தையும் போனில் அளந்து வை. அத்தான் தோட்டத்து வரப்புத் தகராறை முதலில் முடி, இல்லையென்றால் ஒரே மரம் இரண்டு வரைபடத்தில் வரும்.

முருகேசு, இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கப் போகிறாய் என்று அக்காவுக்கு வந்த போனில் கேள்விப்பட்டேன். வேண்டாம். ஹாம்பர்க்கில் வாங்குகிறவன் ஒரு பெட்டியை வேண்டாம் என்றால் அங்கே கிடங்கு வாடகை, பரிசோதனை, திருப்பவோ அழிக்கவோ ஆகும் செலவு எல்லாம் வந்து நிற்கும். ஆறு பேர் லாபத்தில் கூட்டு, அன்றைக்கு நீ ஒருவன்தான் தனியாள். இந்த வருஷம் சரக்கை வழக்கம்போல பட்டிவீரன்பட்டி வியாபாரியிடமே கொடு. உன் களத்தில் நல்லதாகப் பத்து மூட்டை மட்டும் தனியாக எடு, உள்ளே காற்றுப்புகாத உறை போடு. அதில் இரண்டைத் தூத்துக்குடியில் உன் மச்சான் கடைக் கிடங்கில் மூன்று மாதம் போட்டு வை, ஒன்று உறையோடு, ஒன்று உறையை எடுத்துவிட்டு வெறும் சாக்கில். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஈரம் பார்த்து நோட்டில் எழுது. மீதி எட்டுக்கு இங்கே ஆள் பார்க்கிறேன்.

முதலில் எனக்கு 350 கிராம் பச்சைக் கொட்டை கூரியரில் வேண்டும். மூன்று சின்னப் பையாக, பறித்த தேதியும் ஈரமும் எழுதி. பொறுக்கி அனுப்பாதே; மூட்டை நடுவில் கம்பி விட்டு எடுத்தது வேண்டும்.

அன்புடன்,
சேகர்

பி.கு. பையில் இடம் இருந்தால் மலைப்பூண்டு கொஞ்சம் போடலாமே என்று அக்கா சொல்கிறாள். போடாதே. காப்பி மோந்துவிடும். அதைத் தனிப் பார்சலில் அனுப்பு.