பெயர் தெரியாத ஆச்சிக்கு

காரைக்குடி அரசு மருத்துவமனை ஓ.பி. வரிசையில் என் தம்பியின் கைநடுக்கத்தைப் பார்த்து, "ஏத்தா, குடியைத் திடீர்னு நிறுத்திட்டானா?" என்று கேட்ட ஆச்சிக்கு இந்த நன்றி. பிள்ளையார்பட்டியில் சத்தியம் வாங்கினால் போதும் என்பது எங்கள் சொந்தக்காரர்கள் சொன்ன வைத்தியம் (அவர்களைச் சொல்லி என்ன!). நெடுநாள் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம், அதனால் முதல் சில நாள் டாக்டர் கண்காணிப்பில் மருந்தோடு இருக்க வேண்டும் என்று பொறுமையாக விளக்கியவர் ஆச்சிதான். அப்புறம்தான் மறுவாழ்வு சிகிச்சை, கவுன்சலிங். அதுவும் குடும்பத்துக்கும் சேர்த்து. "மறுபடி குடிச்சாலும் திட்டாம கூட்டிட்டு வாங்க, இது நோய்" என்றார். 14446 என்ற இலவச உதவி எண்ணையும் எழுதிக் கொடுத்தார். தம்பி இப்போது சிகிச்சையில் இருக்கிறான். ஆச்சி, இதைப் பார்த்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அம்மா உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார்.