அழைக்கும்போது காரணத்தையும் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கும் மனிதவளத் துறையினருக்கும்,

வணக்கம். சனிக்கிழமை நடந்த மனநலப் பயிலரங்கில் பயிற்சியாளர் சொன்னவை பயனுள்ளவைதான். பதற்றம் தரும் எண்ணத்தைத் தாளில் எழுதுங்கள், அதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று பாருங்கள் என்றார். எண்ணங்களையும் நடத்தையையும் மாற்ற உதவும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் (CBT) நெடுங்காலமாகக் கையாளப்படும் முறை அது. ஆனால் அந்தப் பயிலரங்கு எதனால் தேவைப்பட்டது என்பது பற்றி அன்று யாரும் வாய் திறக்கவில்லை.

எங்கள் பிரிவில் ஒருவருக்கு இரவு பத்து மணிக்கு மேல் மேலாளரிடமிருந்து செய்தி வந்தது: "நாளைக் காலை வந்ததும் என்னைப் பாருங்கள்." அவ்வளவுதான். எதற்கு என்று ஒரு சொல் இல்லை. பக்கத்துப் பிரிவில் ஆட்குறைப்பு நடந்தபோதும் இதே மாதிரி ஒற்றை வரிதான் வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். செய்தியைப் பெற்றவர், தான் அனுப்பிய மின்னஞ்சல்களை ஒவ்வொன்றாகத் திறந்து, எங்கே தவறினோம் என்று விடிய விடியத் தேடியிருக்கிறார். வேலை போனால் வீட்டுக் கடனுக்கு எத்தனை மாதம் தாக்குப்பிடிக்கலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார். காலையில் போய் நின்றால், விடுப்புப் பட்டியலில் ஒரு தேதியைச் சரிபார்க்கத்தான் கூப்பிட்டாராம்.

ஆதாரம் இருக்கிறதா என்று அவர் அன்றிரவு பார்த்திருந்தாலும் இருக்கிறது என்றுதான் விடை வந்திருக்கும். பக்கத்து நாற்காலிகள் காலியானதைக் கண்ணால் பார்த்தவர் அவர். எந்த மூச்சுப் பயிற்சியும் அதை மாற்றாது. காரணத்தைச் சொல்லியிருந்தால் அவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

அப்புறம் இன்னொன்று. வாடிக்கையாளருக்குப் போகவிருந்த அறிக்கையில் பெரிய பிழையைக் கண்டுபிடித்து, கடைசி நேரத்தில் தடுத்தவரும் இவர்தான். அன்று யாரும் அவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆண்டு விழாவில் மேடையேறி வாங்கும் கேடயத்தை நாங்கள் கேட்கவில்லை. செய்த வேலையை, செய்தவர் பெயரைச் சொல்லி, அந்த வாரமே பாராட்டினால் போதும். நல்லது சொல்ல யாரும் அழைத்ததே இல்லாத இடத்தில், அழைப்பு வந்தாலே கெட்ட செய்தி என்றுதானே மனம் நினைக்கும்?

உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற நோய் வகைப்பாட்டில் பணிச்சோர்வை (burnout) நோயாகச் சேர்க்கவில்லை. சரியாகக் கையாளப்படாத நாள்பட்ட பணியிட அழுத்தத்தின் விளைவு என்றே வரையறுத்திருக்கிறது. அழுத்தத்தைக் கையாளும் பொறுப்பு முழுவதையும் எங்கள் தலையில் மட்டும் கட்டுவது நியாயமா? அதற்கான பயிலரங்கையும் எங்கள் விடுமுறை நாளில், வருகைப் பதிவு எடுத்து நடத்தினீர்கள்! பிரான்சில் வேலை நேரத்துக்குப் பின் தொடர்பிலிருந்து விலகியிருக்கும் உரிமை 2017 முதல் சட்டத்திலேயே இருக்கிறது. அவ்வளவு தூரம்கூட நாங்கள் போகவில்லை.

ஓர் ஊழியரை அழைக்கும் எந்தச் செய்தியிலும் காரணத்தை ஒரு வரியில் சேர்க்க வேண்டும், அவசரம் இல்லையென்றால் காலையில் அனுப்ப வேண்டும், நல்ல வேலையைச் சொல்வதற்கும் அழைக்க வேண்டும். மேலாளர்கள் அனைவருக்கும் இதை இந்த வாரமே சுற்றறிக்கையாக அனுப்புமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஊழியர்களில் ஒருவர்