மாப்புச்சே: இனக்குழு அல்ல, மக்கள்

ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழில் சிலி பற்றிய கட்டுரை படித்தேன். 2022 செப்டம்பரில் புதிய அரசமைப்பு வரைவை 62 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். பழங்குடிகள் அளவுக்கு மீறிக் கேட்டதுதான் அதற்குக் காரணம் என்கிற தொனியில் கட்டுரை போகிறது. எனக்கு மனசு ஆறவில்லை. அவர்கள் கேட்டது முப்பது வருடத்துக்கு மேலான பழைய பாக்கி.

1989 டிசம்பர் 1. பினோசேயின் ராணுவ ஆட்சி முடியப்போகிற நேரம். தெற்கே நுவேவா இம்பீரியல் என்ற ஊரில் சிலியின் மிகப் பெரிய பழங்குடியான மாப்புச்சே உள்ளிட்ட பழங்குடிகளின் தலைவர்களும் அதிபர் வேட்பாளர் பத்ரிசியோ அயில்வினும் ஒப்பந்தம் போட்டார்கள். புதிய ஜனநாயகத்துக்குப் பழங்குடிகள் துணை நிற்பார்கள். அரசமைப்பு அவர்களை ஏற்கும். அயில்வின் ஜெயித்தார். 1993இல் பழங்குடிச் சட்டம் வந்தது, நிலம் வாங்கித் தர நிதியும் வந்தது. சரி, அதை மறுக்கவில்லை. ஆனால் அரசமைப்பில் ஒரு வரிகூட ஏறவில்லை. அந்தச் சட்டமும் அவர்களை 'மக்கள்' என்று சொல்லாமல் 'இனக்குழுக்கள்' என்றே சொன்னது. மக்கள் என்று எழுதிவிட்டால் மண்ணையும் கேட்பார்களே! அவர்கள் பெயரிலேயே மண் இருக்கிறது: மாப்பு என்றால் நிலம், சே என்றால் மக்கள்.

அந்த மண்ணில்தான், 1974இல் பினோசே அரசு கொடுக்க ஆரம்பித்த மானியத்தில், பைனும் யூக்கலிப்டசும் பரவின. ஜனநாயகம் வந்த பிறகும் நிற்கவில்லை. எங்கள் கோத்தகிரிப் பக்கம் யூக்கலிப்டஸ் வைத்த சரிவில் ஊற்று வற்றிப்போனதைப் பார்த்தவள் நான். அவர்கள் தண்ணீருக்கு அல்லாடுவது எனக்குத் தூரத்துச் செய்தி இல்லை. நிலம் கேட்டுப் போராடியவர்கள் மேல் பாய்ந்ததும் பினோசே காலத்துப் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம்தான்.

2021 ஜூலை 4 அன்று, புதிய அரசமைப்பை எழுதக் கூடிய அவைக்குத் தலைவராகத் தேர்வான எலிசா லோங்கோன், மாப்புச்சே உடையில் நின்று, 'மாரி மாரி' என்று தன் தாய்மொழியில் வணக்கம் சொன்னார். அவையின் 155 இடங்களில் 17 பழங்குடிகளுக்கு. அந்தக் காணொளியை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை. அப்புறம் 2022இல் ஒரு வரைவு, 2023இல் இன்னொன்று, இரண்டும் தோற்றன. பினோசே காலத்து 1980இன் அரசமைப்பே இன்றும் நீடிக்கிறது.

உங்கள் கட்டுரையும் நான்கு இடங்களில் 'மாப்புச்சே இனக்குழு' என்கிறது. அடுத்த முறையாவது 'மாப்புச்சே மக்கள்' என்று அச்சிடுங்கள்.

வாசகி,
கோத்தகிரி