கட்டாத அணைக்குக் காலியான ஊர்கள்

அன்புள்ள வசந்தி,

கட்டை விரல் படம் அனுப்புவதெல்லாம் ஒரு பதிலா என்று நீ திட்டியது சரிதான். இங்கே எல்லோரும் நலம். இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் இல்லை. உன் முழங்கால் எப்படி? யூடியூப் வைத்தியத்தை விட்டுவிட்டு ஒழுங்கான டாக்டரைப் பார்.

விஷயத்துக்கு வருகிறேன். போன சனிக்கிழமை அப்பலாச்சியன் பாதையில் நடந்தேன். ஜார்ஜியாவில் ஸ்பிரிங்கர் மலையில் ஆரம்பித்து மெய்ன் மாநிலத்துக் கட்டாடின் மலை வரை 14 மாநிலங்கள் வழியாகப் போகும் ஒற்றையடிப் பாதை அது, சுமார் 3,500 கிலோமீட்டர். பயப்படாதே, நான் நடந்தது போக வர 12 கிலோமீட்டர்தான். நம் பி.டி. டீச்சர் அதற்கே மயங்கி விழுந்திருப்பார்.

நியூ ஜெர்சிக்கும் பென்சில்வேனியாவுக்கும் நடுவே டெலவேர் ஆறு மலையை அறுத்துக்கொண்டு போகும் இடம் டெலவேர் வாட்டர் கேப். அங்கிருந்து டன்ஃபீல்ட் ஓடையோரமாக ஏறினால் மேலே சன்ஃபிஷ் குளம். வேட்டைக் காலம் என்பதால் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறச் சட்டை போட்டுக்கொண்டேன். "ரோடு போடவா போகிறாய்?" என்றார் இவர். அவர் வரவில்லை, டிவியில் மேட்ச்.

இலையுதிர் காலத்தில் பாதையே தெரியாது, அத்தனை சருகு. மரத்தில் அடித்திருக்கும் வெள்ளைப் பட்டைகளைப் பார்த்துப் பார்த்துத்தான் போகவேண்டும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பட்டை இருந்தால் பாதை திரும்புகிறது என்று அர்த்தம். சருகுக்கு அடியில் கல்லும் ஓக் கொட்டைகளும். கொட்டை மேல் கால் வைத்தால் கோலிக்குண்டு மேல் வைத்த மாதிரி வழுக்குகிறது. ஹிக்கரி மரங்கள் மஞ்சளாகவும் மேப்பிள்கள் சிவப்பாகவும் நிற்கின்றன. மஞ்சள் முதலிலிருந்தே இலைக்குள் இருப்பதுதானாம், பச்சையம் போனதும் வெளியே தெரிகிறது. சிவப்பு பெரும்பாலும் அந்த நேரத்தில் புதிதாக ஊறுவது. நீ பயாலஜி, உனக்குத் தெரிந்திருக்கும். ஓடையோரத்து ஹெம்லாக் மரங்கள்தான் பாவம். ஒரு கிளையைத் திருப்பிப் பார்த்தேன், ஊசியிலைகளின் அடியில் வரிசையாகப் பஞ்சுப் பொட்டுகள். ஜப்பானிலிருந்து வந்த ஒரு பூச்சி சாறை உறிஞ்சியே மரத்தைக் கொன்றுவிடுகிறது.

குளம் 44 ஏக்கர், பனியுகத்துப் பனிப்பாறை குடைந்தது. பாறையில் உட்கார்ந்து புளிச்சோற்றைப் பிரித்தேன். பக்கத்தில் ஒரு வயதான அம்மா, கையில் ஆப்பிள். ஊர் எது என்று கேட்டேன். "கீழே இருந்தது" என்றார். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததிலிருந்து இதே வேலையாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

1955இல் இரண்டு புயல் அடுத்தடுத்து வந்து டெலவேர் ஆற்றில் பெருவெள்ளம். அதற்குப் பிறகு டாக்ஸ் தீவு என்ற இடத்தில் அணை கட்ட 1962இல் அமெரிக்க நாடாளுமன்றம் அனுமதி கொடுத்தது. ஏறக்குறைய 60 கிலோமீட்டர் நீளத்துக்குத் தண்ணீர் நிற்கும் என்று திட்டம். நான் உட்கார்ந்து சாப்பிட்ட அந்தக் குளத்தையும் விடவில்லை. ஆற்று நீரை மேலே ஏற்றிவைத்து இறக்கி மின்சாரம் எடுக்கும் தொட்டியாக்கப் பார்த்தார்கள். ஜனங்கள் எதிர்த்துக் கிளம்பிவிட்டார்கள். 1967இல் உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸே வந்து ஆயிரம் பேருக்குக் குறையாத கூட்டத்தோடு குளத்துக்கு நடந்தார். குளம் தப்பித்தது.

ஆனால் கீழே பள்ளத்தாக்கில் அதற்குள் நிலம் எடுக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. பண்ணைகள், தலைமுறையாக இருந்த வீடுகள், எல்லாவற்றையும் எடுத்தார்கள், பலவற்றை இடித்தும் தள்ளினார்கள். 1975இல் ஆற்றுப்படுகை மாநிலங்களின் ஆளுநர்கள் கூடி அணை வேண்டாம் என்று வாக்களித்தார்கள். அதற்குள் ஆயிரக்கணக்கானோர் போயாகிவிட்டது. நிலம் அவர்களுக்குத் திரும்பவில்லை, தேசிய பொழுதுபோக்குப் பகுதியாகவே இருந்துவிட்டது.

இறங்கிய பிறகு ஆற்றோரம் ஓல்டு மைன் ரோட்டில் கார் ஓட்டிக்கொண்டு போனேன். ஓரிடத்தில் காட்டுக்குள் மூன்று கல் படிகள் ஏறுகின்றன. மேலே வீடு இல்லை, ஒரு மேப்பிள் மரம்தான்.

உடனே உன் அம்மாயி ஞாபகம்தான் வந்தது. மேட்டூர் அணையில் முழுகிய பழைய ஊரைப் பற்றி எத்தனை முறை சொல்லியிருக்கிறார், நாம் கேட்காமல் கல்லாங்காய் ஆடிக்கொண்டிருந்தோம். தண்ணீர் இறங்கி, முழுகிய கோயிலின் நந்தி தலை தெரிந்தால் அணைக்கரைப் பண்ணவாடிக்குப் பார்க்கப் போவார். அவருக்காவது தன் ஊரைக் கொடுத்த தண்ணீர் தஞ்சாவூரில் நெல்லாக விளைகிறது என்று சொல்லிக்கொள்ள ஏதோ ஒன்று இருந்தது. இந்த அம்மாவுக்கு என்ன இருக்கிறது சொல்லு? ஊரும் போனது, அணையும் வரவில்லை.

இவரிடம் சொன்னால், "அணை வராதது நல்லதுதானே, காடு மிஞ்சியது" என்கிறார். நல்லதுதான், நான் மட்டும் இல்லை என்றா சொன்னேன்? அணை வந்திருக்கவேண்டும் என்று நினைக்கிற அளவுக்கு எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. ஆனால் நிலத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கலாமே என்று கேட்டால், கொடுத்திருந்தால் இப்போது அங்கே பிளாட் போட்டிருப்பார்கள் என்கிறார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, அதுதான் கடுப்பு. அப்படியே விட மனசும் வரவில்லை. நான் ஜாலியாகப் படம் எடுத்துக்கொண்டு வந்த ஆற்றங்கரை முழுக்க யாரோ ஒருத்தருடைய கொல்லைப்புறம்டி.

உன்னால் ஒரு காரியம் ஆகவேண்டும். சின்ன அத்தைக்குத்தான் பழைய கதையெல்லாம் நன்றாக நினைவிருக்கும். அம்மாயி குடும்பத்துக்கு அப்போது நஷ்ட ஈடு என்ன கொடுத்தார்கள், மாற்று நிலம் எங்கே கிடைத்தது என்று கேட்டு எழுது. பேசும்போது செல்போனில் பதிவு செய்தால் இன்னும் நல்லது, உன் கையெழுத்தை எவன் படிப்பான்.

மே மாதம் வருகிறேன். அணையில் தண்ணீர் இறங்கியிருந்தால் பண்ணவாடி போகலாம். இவர் வெயில் என்று சாக்கு சொல்வார், விட்டுவிடு, நாம் இரண்டு பேரும் பஸ்ஸிலேயே போய்விட்டு வரலாம்.

உன்,
கலா