செயலாளரின் ஆண்டறிக்கை 2024-25: பழத்தை மலையிலேயே உரித்த முதல் பருவம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், கீழ்ப்பழனி மலைக் காப்பித் தோட்டங்களிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமானவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு ஒழுங்காகக் கூடியது. சந்தா பாக்கியும் ஒழுங்காக நிற்கிறது. பெயர்களை வாசிக்கப் போவதில்லை. காப்பிச் செடியின் தண்டைக் குடையும் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டின் தொல்லைக்குத் தாண்டிக்குடி காப்பி ஆராய்ச்சி நிலையத்தில் யோசனை கேட்டோம். தாக்கிய செடியை வேரோடு எடுத்து எரிக்கச் சொன்னார்கள். எரிக்க மனசு வராதவர்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரரையும் கொஞ்சம் நினைக்க வேண்டும்.

இந்த ஆண்டின் பெரிய வேலை பல்பர், அதாவது பழத்தோல் உரிக்கும் இயந்திரம், வைத்த கொட்டகைதான். விளைந்ததைக் காப்பி வாரியத்திடமே ஒப்படைக்க வேண்டிய பொதுத் தொகுப்பு முறை போய், 1996-இல் முழுச் சுதந்திர விற்பனை வந்தது. தோலுரித்துக் காயவைக்க வசதி உள்ளவர்கள் சரக்கைப் பட்டிவீரன்பட்டி கியூரிங்குக்கு, அதாவது ஓடு நீக்கித் தரம் பிரிக்கும் ஆலைக்கு, இறக்கி, விலை பார்த்து விற்றார்கள். அரை ஏக்கர், ஓர் ஏக்கர்காரர் பறித்த அன்றே வியாபாரியிடம் பழமாகப் போட்டுவிட்டு வந்தார். சுமார் 6 கிலோ பழத்துக்கு 1 கிலோ சுத்தக் கொட்டை என்ற கணக்கு வியாபாரிக்கு மனப்பாடம்; நம் ஆட்களுக்குத் தராசு முள் மட்டும்தான் தெரியும். 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா ரகக் காப்பிக் கொட்டை பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியது. நம் சிறு விவசாயிகளில் பலர் அதற்குள் பழத்தை விற்று முடித்திருந்தார்கள்.

கொட்டகையில் வேலை நடந்த விதத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பழத்தைத் தொட்டியில் கொட்டியதும் மிதப்பதை அள்ளித் தனியே வைக்கிறோம். அது செர்ரிக்குப் போகும், அதாவது தோலோடு முழுப் பழமாகவே காயும். மூழ்கியது பல்பருக்கு. உரித்த கொட்டை வழுவழுப்போடு ஒரு இரவாவது ஊற வேண்டும், குளிர் கூடினால் இன்னும் நேரம் பிடிக்கும். ஒரு பிடி எடுத்துத் தேய்த்தால் கையில் கரகரவென்று பட வேண்டும், அதுதான் கழுவுகிற பதம். இந்தப் பதத்தைச் சரியாகச் சொன்னவர்கள் எங்களைவிடக் கூலிக்கு வந்த அக்காமார்தான். அப்புறம் பரணில் காயவைப்பது, சாயங்காலமானால் பனிக்கு மூடுவது.

கழுவிய தண்ணீர் ஓடையில் கலந்துவிட்டதாகக் கீழேயுள்ள பூண்டுத் தோட்டக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். நியாயம்தான், அந்தப் புளித்த தண்ணீர் ஓடையைக் கெடுக்கும். உறிஞ்சுகுழி வெட்டினோம். தோல் எருக்குழிக்குப் போகிறது.

சரி, யாருக்குப் பயன்? இதைச் சொல்லத்தான் இந்த அறிக்கை. கொட்டகைக்குப் பழம் கொண்டுவந்தவர்களில் பெரும்பாலோர் பணத்துக்குக் காத்திருக்க முடிந்தவர்கள். காய்ந்து, கீழே போய், விற்றுப் பணம் வர வாரக்கணக்காகும். சனிக்கிழமை கூலி கொடுக்க வேண்டியவருக்கும், பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியவருக்கும் அந்தத் தவணை கிடையாது. இயந்திரம் வந்ததாலேயே ஏழை உறுப்பினருக்கு லாபம் வந்துவிடாது. கையில் உடனே காசு வந்தால்தான் அவர் பழத்தை இங்கே கொண்டுவருவார்.

குறு உணவுத் தொழில்களுக்கான பிரதமரின் திட்டத்தில் 35 சதவீத மானியம் உண்டு. தனியாருக்கு உச்சவரம்பு 10 லட்சம். ஆனால் அது கடனோடு இணைந்த மானியம். நாங்கள் போன வங்கிக் கிளையில் பட்டாவைத்தான் முதலில் கேட்டார்கள். பட்டா இல்லாத பளியர் பழங்குடிக் குடும்பங்களும், தரம் பிரிக்கும் பெண்களும் அந்த வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

வறுத்து அரைத்துப் பாக்கெட் போடலாம் என்று இளைஞர் அணி கேட்கிறது. ஆசை நல்லதுதான். ஆனால் வறுப்பதில் எடை குறையும், உணவுப் பாதுகாப்பு உரிமம் வேண்டும், கடைக்காரர் கேட்பதோ சிக்கரிக் கலவை. அதில் காப்பி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும் என்பது சட்டம். 49 சதவீதம் சிக்கரி போட்டு விலை குறைப்பவரோடு இப்போது நம்மால் மல்லுக்கட்ட முடியாது. இந்த ஆண்டு வேண்டாம் என்பது என் கருத்து.

ஆகவே செயற்குழு இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறது. ஒன்று, பழம் நிறுத்த அன்றே அன்றைய பழ விலையில் பாதியை முன்பணமாகத் தர, சேமிப்பு நிதியிலிருந்தும் வசதியுள்ள உறுப்பினர்களின் வைப்புத்தொகையிலிருந்தும் ஒரு சுழல்நிதி. இரண்டு, கொட்டகையிலும் தரம் பிரிப்பதிலும் வேலை செய்யும் பெண்களுக்கு உறுப்பினர் உரிமையும் விற்பனை போனஸில் பங்கும். இரண்டாவதற்குச் சிலர் முகம் சுளிப்பது தெரியும். எதிர்ப்பு இருந்தால் இங்கேயே எழுந்து சொல்லுங்கள், டீக்கடையில் வேண்டாம்.

பொருளாளர் வரவு செலவை வாசித்ததும் வாக்கெடுப்பு.

இப்படிக்கு,
செயலாளர்