பெரிய கேட்டின் திறப்பை வாசலில் வையுங்கள்

கொழும்புப் புறநகரில் ஈரநிலக் காட்டு நடைபாதையை நிர்வகிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். எந்தக் காடு, எந்தப் பாதை என்று இங்கே எழுதவில்லை, உங்களுக்குத் தெரியும். ஞாயிறு காலையில் நடக்க வரும் எங்களோடு வந்த மாஸ்டரை உங்கள் பாதையில் பாம்பு கடித்த அந்த ஞாயிற்றுக்கிழமை பற்றிய அறிக்கை உங்கள் மேசையில்தான் இருக்கிறது. மாஸ்டர் சொன்னதையும் உங்கள் ஆள் ஆஸ்பத்திரிக்கே வந்து எழுதிக்கொண்டு போனார். ஆகவே கதையை முதலிலிருந்து சொல்லி உங்கள் நேரத்தை எடுக்கவில்லை. கேட்க வந்தது ஒன்றுதான். வாகனங்கள் உள்ளே வரும் பெரிய கேட்டின் திறப்பு, பாதை திறந்திருக்கும் நேரம் முழுவதும் ரிக்கட் கவுண்டரில் இருக்க வேண்டும்.

பாம்பு கடித்ததற்காக உங்கள்மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. காடென்றால் பாம்பு இருக்கும். அன்று கடித்தது கோப்பி விரியன். ஒரு முழம்கூட வராது. மூக்கு நுனி சற்று மேலே தூக்கிக்கொண்டிருக்கும், உடம்பு காய்ந்த இலையின் நிறம். பகலில் சருகுக்குள் சுருண்டு அசையாமல் கிடக்கும், மிதித்தால்தான் தெரியும். இந்த நாட்டில் அதிகமானவர்களைக் கடிப்பதும் அதுதான். செருப்போடு வந்த மாஸ்டர் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார், அவ்வளவுதான். எங்கள் பெடியன் ஒருவன் தள்ளி நின்று போனில் படம் எடுத்தான். யாரும் அதை அடிக்கப் போகவில்லை, காலை இறுக்கிக் கட்டவில்லை, கீறவில்லை. செய்ய வேண்டியதைத்தான் செய்தோம்.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்ததும் அம்புலன்ஸும் நன்றாகத்தான் வந்தது. மாஸ்டர் உட்கார்ந்திருந்த இடம்வரை உங்கள் கிரவல் ரோட்டு போகிறது. அந்த வண்டி நேராக அவர் காலடிக்கே வந்திருக்கலாம். வரவில்லை, ஏனென்றால் பெரிய கேட்டில் பூட்டுத் தொங்கியது. திறப்பு மேற்பார்வையாளரிடமாம். அவருக்கு ஞாயிறு லீவாம். காவலாளித் தம்பியை நாங்கள் குறை சொல்ல மாட்டோம், பாவம், மாறி மாறி எல்லோருக்கும் போன் எடுத்துக் கெஞ்சினார். மேற்பார்வையாளரின் இலக்கம் வேலை செய்யவில்லை என்று போன் கம்பனியின் குரல் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் சொன்னது. அதற்காவது நன்றி.

அப்புறம் நடந்ததை உங்கள் அறிக்கை எப்படி எழுதியிருக்கிறதோ தெரியாது. ரிக்கட் கவுண்டரில் இருந்த பிளாஸ்டிக் கதிரையை வாங்கி, அதில் மாஸ்டரை இருத்தி, ஆளுக்கொரு கால் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தோம். பலகைப் பாலத்தில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நடக்க இடமில்லை. மழை பெய்து வழுக்கியது. கதிரையின் ஒரு கால் வேறு நெளிந்துகொண்டே இருந்தது. அவர் எழுபதை நெருங்கும் மனிதர். எங்களில் பலருக்குக் கணக்குப் படிப்பித்தவர். 'என்னை இறக்கி விடுங்கோ, நடக்கிறன்' என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். நாங்கள் விடவில்லை. கடிபட்ட கால் அசையக் கூடாது, நடந்தால் தசை வேலை செய்து விஷம் கெதியாகப் பரவும் என்று எங்களுக்குத் தெரியும். கடைசியில் எங்கே இறக்கினோம் தெரியுமா? உங்கள் சின்ன வாசலில். மோட்டார் சைக்கிள் நுழையாமல் இரும்புக் குழாய்களை வளைத்து நட்டிருக்கிறீர்களே, அதற்குள்ளால் கதிரை போகவில்லை. ஸ்ட்ரெச்சரும் போகவில்லை. வீங்கிய காலோடு அவர் அந்த வளைவுகளைத் தாண்டி நடந்தார். பக்கத்திலேயே பெரிய கேட், அதற்கு அந்தப் பக்கம் கதவு திறந்தபடி அம்புலன்ஸ்.

ஆஸ்பத்திரியில் படத்தைப் பார்த்த டொக்டர் கோப்பி விரியன் என்று உறுதிப்படுத்தினார். இங்கே ஆஸ்பத்திரிகளில் வைத்திருப்பது இந்தியாவிலிருந்து வரும் விஷமுறிவு மருந்து. நாகம், கண்ணாடி விரியன், எட்டடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும்தான் அது. கோப்பி விரியனுக்கு அது வேலை செய்யாது, ஏற்றினால் ஒவ்வாமை ஆபத்துத்தான் மிச்சம். ஆகவே இரத்தம் உறைகிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்து, சிறுநீரகத்தைக் கவனித்துக்கொண்டு காத்திருந்தார்கள். மாஸ்டர் பிழைத்துக்கொண்டார். அன்று கடித்தது கண்ணாடி விரியனாக இருந்திருந்தால்? மருந்து இருக்கிறது, ஆஸ்பத்திரி இருக்கிறது, அம்புலன்ஸ் வாசலில் நிற்கிறது. திறப்பு மட்டும் இல்லை. இலங்கையில் ஆண்டுக்கு 80,000 பேருக்கு மேல் பாம்புக்கடிக்கு ஆளாகிறார்கள், 400 பேருக்கு மேல் சாகிறார்கள் என்று 2016இல் வெளிவந்த நாடளாவிய ஆய்வு மதிப்பிட்டது. அந்த நானூறில் ஒருவர் ஒரு பூட்டினால் சேர்ந்திருப்பார்.

சரி, அதன்பிறகாவது ஏதாவது செய்தீர்களா என்றால், செய்தீர்கள். மறுக்கவில்லை. பாதையைக் கொஞ்ச நாள் மூடினீர்கள். மெஷின் கொண்டுவந்து இரண்டு பக்கமும் பற்றையை மொட்டையடித்தீர்கள். பாதையோரச் சருகைக் கூட்டினால் போதும், அதைத் தாண்டி உள்ளே போய்ச் செடிகொடியை வழித்தெடுக்கச் சொல்லி யார் கேட்டார்கள்? 2018இல், ஈரநிலங்களைப் பாதுகாப்பதற்கான ராம்சார் என்ற சர்வதேச உடன்படிக்கையின் கீழ், கொழும்பு உலகின் முதல் ஈரநில நகரங்களில் ஒன்றாக அறிவிக்கப்பட்டபோது எல்லோரும் பெருமைப்பட்டோம். அந்தப் பெருமை இந்தப் பற்றைக்குள்தான் இருந்தது. பாம்பும் அதில் சேர்த்திதான்.

புதுப் போர்டும் வந்திருக்கிறது. படமெடுத்து நிற்கும் நாகம், நல்ல வடிவாகக் கீறியிருக்கிறார்கள். கடித்தது என்னவோ படமே எடுக்காத பாம்பு. கீழே சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அறிவுரை. தமிழுக்கு இடம் போதவில்லை போலும், நாகத்தின் படத்துக்கு நிறைய இடம் தேவைப்பட்டிருக்கும். ஆனால் அந்த அறிவுரையை வாசித்தபோதுதான் எங்களுக்கு உண்மையிலேயே பொறுக்கவில்லை. 'கடிபட்டவரை நடக்க விடாதீர்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் போர்டை எங்கே மாட்டியிருக்கிறீர்கள் என்று ஒருமுறை நேரில் வந்து பாருங்கள். பூட்டிய பெரிய கேட்டில். பூட்டும் புதுசு, முந்தியதைவிடப் பெரிசு.

இந்த நாட்டில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் திறப்பு வைத்திருப்பவர் இன்றைக்கு லீவு. இதைப் பழகித்தான் வாழ்கிறோம். பிறப்புச் சான்றிதழுக்கு நாளைக்கு வரச்சொன்னால் நாளைக்குப் போகலாம். விஷத்துக்கு அப்படிச் சொல்ல முடியாது. ரிக்கட்டின் பின்னால் 'உங்கள் சொந்தப் பொறுப்பில் உள்ளே செல்லவும்' என்று அச்சடித்திருக்கிறீர்களே, மிகவும் சரி. எங்கள் காலுக்கு நாங்கள் பொறுப்பு. இனி சப்பாத்துப் போட்டுத்தான் வருவோம், கையில் தடியும் வைத்துக்கொள்வோம். உங்கள் பூட்டுக்கும் நாங்களே பொறுப்பு என்றால் சொல்லிவிடுங்கள், அடுத்தமுறை கம்பி வெட்டும் ஆயுதத்தோடு வருகிறோம்.

மன்னிக்கவும், கோபத்தில் எழுதிவிட்டோம். பணிவோடுதான் கேட்க நினைத்தோம், பணிவோடே கேட்கிறோம். பெரிய கேட்டின் திறப்பு ஒன்றை ரிக்கட் கவுண்டரில் வையுங்கள். எந்தக் காவலாளி வேலையில் இருந்தாலும், மேலிடத்தைக் கேட்காமல், அம்புலன்ஸைக் கண்டதும் கேட்டைத் திறக்கலாம் என்று எழுத்தில் கொடுங்கள், இல்லாவிட்டால் அந்தத் தம்பி பயத்தில் திறக்க மாட்டார். முடிந்தால் கவுண்டரில் ஒரு ஸ்ட்ரெச்சரும், தேசிய வைத்தியசாலையில் இருக்கும் நஞ்சுத் தகவல் நிலையத்தின் இலக்கமும். போர்டில் தமிழ் இன்றில்லாவிட்டால் அடுத்த மாதம் வரட்டும். திறப்பு வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு முன் வேண்டும்.

முன்பு எழுதிய கடிதத்துக்கு 'உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்று பதில் வந்தது. உரிய பிரிவு எதுவென்று தெரியாததால்தான் இதை எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறோம். தயவுசெய்து பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஞாயிறு காலையில் நடக்க வருபவர்கள் சார்பில்,
வெள்ளவத்தையிலிருந்து ஒருவர்