அமரத்துப் பலகையைத் தட்டிப் பார்

தம்பி,

நீ வாங்கப் பார்த்து வைத்திருக்கும் இரண்டு பழைய போட்டின் படத்தையும் அக்கா போனில் பார்த்தேன். எனக்கே அனுப்பியிருக்கலாம். போகட்டும். இரண்டும் பதினாறடி ஃபைபர், 25 குதிரைத்திறன் இஞ்சின், விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

வெள்ளை போட்டுக்கு அடி தட்டை. பாண்டி சுண்ணாம்பாற்றுக்குள்ளேயே ஓட்டுவதானால் அது போதும். மணல்திட்டுக்கு மேல் லேசாகப் போகும், பிள்ளைகள் ஒரு பக்கம் நகர்ந்தாலும் அதிகம் சாயாது. நீலக்கோடு போட்ட போட்டுக்கு அடி வி வடிவம். முகத்துவாரம் தாண்டுவதென்றால் அதுதான். தட்டை அடி அலைக்கு அலை அறையும், இடுப்பு போய்விடும். எதுவானாலும் வற்றம், அதாவது கடல் வற்றும்போது ஆற்றுத் தண்ணீர், வெளியே இழுக்கும் நேரத்தில் முகத்துவாரத்துக்குப் போகாதே. இழுப்புக்கு எதிரே வரும் அலை அங்கே செங்குத்தாக எழும்பி உடையும். ஐப்பசி, கார்த்திகையில் கடல் பக்கமே வேண்டாம்.

அடி வித்தியாசத்தை நீயே கவனித்துச் சொன்னாயாம், அக்கா சொன்னாள். உனக்குப் பார்வை உண்டு. ஆனால் அடியைவிட அமரத்துப் பலகையை, அதாவது இஞ்சினை மாட்டும் பின்பக்கப் பலகையைப் பார். ஃபைபருக்கு உள்ளே இருப்பது ஒட்டுப்பலகை. போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி அது உள்ளுக்குள்ளேயே ஊறும். இரண்டு ரூபாய்க் காசால் மேல் விளிம்பில் தொடங்கி நாலு விரலுக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டே வா. டக் டக் என்றால் நல்லது. பொத்தென்று கேட்டால் அங்கே மரம் போய்விட்டது. பிறகு இஞ்சினைத் தூக்கி நிறுத்தி, தண்ணீருக்குள் இறங்கும் அதன் காலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டு. பலகையும் சேர்ந்து அசைந்தால் வேண்டாம். வெள்ளையில் இருப்பது ஃபோர் ஸ்ட்ரோக், எடை கூடுதல். அதனால் அதன் பலகையைக் கூடுதலாகத் தட்டு.

பலகை உயரத்தையும் அள. 15 அங்குலமா, 20 அங்குலமா என்பது இஞ்சின் காலோடு பொருந்த வேண்டும். புரொப்பெல்லருக்கு மேலே உள்ள தட்டு போட்டின் அடியோடு சமமாக நிற்கணும். கால் குட்டையானால் புரொப்பெல்லர் காற்றைப் பிடித்து இஞ்சின் வெறுமனே அலறும். நீளமானால் மணலில் இடிக்கும்.

கியர் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பார். பால் மாதிரி இருந்தால் சீல் போய்த் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. சிலிண்டர்களின் கம்ப்ரெஷன், அதாவது உள்ளே எழும் அழுத்தம், ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசப்படக் கூடாது. நீலக்கோடு டூ ஸ்ட்ரோக். 50க்கு 1 கலவை கேட்கும் இஞ்சின் என்றால் லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில்.

பலகையில் மட்டும் புதுப் பூச்சு இருந்தால் நம்பாதே. நம் பழைய போட்டின் பலகை ஊறியிருந்தது தெரிந்தும் அதன் மேல் ஜெல்கோட் என்ற மேல்பூச்சை அடித்து விற்றவன் நான். நீ ஒரு தட்டுத் தட்டிவிட்டு, ஒன்றும் பேசாமல் சுத்தியலைக் கீழே வைத்தாய். அதற்குப் பிறகு என்னிடம் போட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்டதில்லை. தப்பு என்மேல்தான், தம்பி. வாங்கினவரிடம் இன்றுவரை நான் சொல்லவும் இல்லை.

பிள்ளைகளின் எடைக்கேற்ற லைஃப் ஜாக்கெட் வாங்கு, பெரியவர்களுடையதை மாட்டிவிடாதே. நீ தவறி விழுந்தால் இஞ்சினை நிறுத்தும் கயிறு உன் மணிக்கட்டில் இருக்கணும். பலகையைத் தட்டு. இஞ்சினைக் கழற்றி வைக்கச் சொல், அப்போதுதான் போல்ட் ஓட்டை தெரியும். அதற்குள் மெல்லிய ஸ்க்ரூ டிரைவரை விட்டு எடு. ஈர மரத்தூள் ஒட்டிக்கொண்டு வந்தால் திரும்பி வந்துவிடு. கூட ஆள் வேண்டுமென்றால் அக்காவிடம் சொல்லியனுப்பு, ஞாயிறு முதல் பஸ்ஸில் பாண்டிக்கு வந்துவிடுகிறேன்.

அப்பா
கடலூர் முதுநகர்